வைட்டமின் டிரிப் போட்டுக்கொள்ளும் முன்: ஊசி மருந்துக்குச் சட்டம் வரக் காரணமான ராம்நாத் சோப்ராவின் கதை

வெள்ளிக்கிழமை இரவு. ஒரு வாரம் முழுக்க நைட் ஷிஃப்ட். போனைத் திறந்தால் ஒரு விளம்பரம்: சாய்வு நாற்காலி, மங்கலான விளக்கு, கையில் ஒரு டிரிப். வைட்டமின் சி, பி காம்ப்ளெக்ஸ், குளுட்டாதயோன். சோர்வு போகும், முகம் பளிச்சென்று ஆகும், ஹேங்ஓவர் தீரும் என்கிறார்கள். மாத்திரை போட்டால் வயிற்றில் கொஞ்சம்தான் சேரும், நேராக ரத்தத்தில் ஏற்றினால் முழுசும் சேரும் என்று ஒரு விளக்கமும் வரும்.

நம் ஊருக்கு இது புதுசு இல்லை. காய்ச்சல் வந்தால் "ஒரு குளுக்கோஸ் ஏத்திவிடுங்க டாக்டர்" என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் தலைமுறை நம் வீட்டிலேயே இருக்கிறது. மாறியது இடமும் விலையும்தான். முன்பு ஆஸ்பத்திரி, இப்போது சலூன், ஸ்பா, ஜிம், சில நேரம் உங்கள் வீட்டு ஹால்.

சரி, அந்த பாட்டிலில் இருப்பது என்ன, அது சுத்தமா, யார் சோதித்தார்கள்? இந்தியாவில் இந்தக் கேள்வியைச் சட்டமாக்க வேண்டும் என்று அரசுக்கு எழுதிக் கொடுத்த குழுவின் தலைவர் ஒரு ராணுவ மருத்துவர். பெயர் ராம்நாத் சோப்ரா. மருத்துவக் கல்லூரிகளில் இந்திய மருந்தியலின் தந்தை என்பார்கள். 1983-ல் தபால்தலைகூட வந்தது. ஆனால் நாம் வாங்கும் ஒவ்வொரு ஊசி மருந்து லேபிளிலும் அவருடைய வேலை இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

குஜ்ரன்வாலாவிலிருந்து கல்கத்தாவுக்கு

சோப்ரா பிறந்தது 1882-ல், இன்றைய பாகிஸ்தானில் உள்ள குஜ்ரன்வாலாவில். லாகூரில் கல்லூரிப் படிப்பு. பிறகு கேம்பிரிட்ஜில் மருத்துவம். அங்கே அவருக்கு வால்டர் டிக்சன் என்ற மருந்தியல் அறிஞரிடம் வேலை செய்யும் வாய்ப்புக் கிடைத்தது. மருந்தியல் அப்போது இளம் துறை. ஒரு மருந்து வேலை செய்கிறது என்று யாரோ சொன்னால் போதாது. எவ்வளவு கொடுத்தால் உடம்பில் என்ன நடக்கிறது என்று அளந்து காட்ட வேண்டும். இந்த அளக்கும் பழக்கம் சோப்ராவைக் கடைசிவரை விடவில்லை.

1908-ல் இந்திய மருத்துவப் பணியில், அதாவது ஐ.எம்.எஸ்.-ல் சேர்ந்தார். பிரிட்டிஷ்காரர்களே பெரும்பான்மையாக இருந்த பணி அது. முதல் உலகப்போர்க் காலம் ராணுவ மருத்துவராகக் கழிந்தது. 1921-ல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் முதல் மருந்தியல் பேராசிரியர் ஆனார். அடுத்த 20 ஆண்டு வாழ்க்கை அங்கேதான். பின்னாளில் அதன் இயக்குநராகவும் ஆனார்.

நரம்பு ஊசியின் தலைநகரம்

அந்தக் கல்கத்தாவைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஏனென்றால் இன்றைய டிரிப்புக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

சோப்ரா வேலை பார்த்த பள்ளியை உருவாக்கியவர் லெனார்ட் ராஜர்ஸ். காலரா நோயாளிகளுக்கு அடர்த்தியான உப்பு நீரை நேராக ரத்தக் குழாயில் ஏற்றி, சாவு விகிதத்தைப் பெரிய அளவில் குறைத்தவர். காலா அசார் காய்ச்சலுக்கு ஆன்டிமனி மருந்தை நரம்பில் போடும் சிகிச்சையும் அதே நகரத்தில்தான் வளர்ந்தது. உபேந்திரநாத் பிரம்மச்சாரி அங்கே உருவாக்கிய யூரியா ஸ்டிபமைன், ஏராளமான உயிர்களைக் காப்பாற்றியது.

அதாவது நரம்பு வழி மருந்து என்ன சாதிக்கும் என்பதை உலகம் கற்றுக்கொண்ட இடங்களில் கல்கத்தாவும் ஒன்று. ஆபத்தும் அதே வழியில்தான் வந்தது.

வாய் வழியாகப் போகும் பொருளுக்கு உடம்பில் பல காவல்கள் உண்டு. வயிற்று அமிலம் கிருமியைக் கொல்லும். குடல் எல்லாவற்றையும் முழுசாக உறிஞ்சிவிடாது. கல்லீரல் வடிகட்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் வாந்தி வரும். நரம்பில் ஏற்றும்போது இந்தக் காவல் எல்லாம் தாண்டிவிடுகிறது. முழுசும் சேரும் என்று விளம்பரம் சொல்வது பொய் இல்லை. தப்பு இருந்தால் அதுவும் முழுசாகச் சேரும் என்பதைத்தான் அது சொல்வதில்லை.

அன்றைய டாக்டர்களைக் குழப்பிய ஒரு விஷயம்: நரம்பு ஊசி போட்ட சிலருக்குத் திடீரென்று குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வரும். மருந்தைக் கொதிக்க வைத்திருப்பார்கள், கிருமி உயிரோடு இருக்காது. பிறகு எப்படி? 1923-ல் அமெரிக்க வேதியியலாளர் ஃபுளோரன்ஸ் சைபர்ட் விடை கண்டார். மருந்து கரைக்கும் காய்ச்சி வடித்த நீரில் பாக்டீரியா விட்டுச்சென்ற நச்சுப் பொருள் இருந்தது. பாக்டீரியா செத்தாலும் அது அழியவில்லை. தண்ணீர் தெளிவாக இருப்பதும், கொதிக்க வைத்ததாகச் சொல்வதும் ஊசிக்குப் போதாது என்று அன்றே தெரிந்துவிட்டது.

கிட்டத்தட்ட நூறு ஆண்டு கழித்து, 2019-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. ஓர் எச்சரிக்கை விட்டது. நரம்பில் குளுட்டாதயோன் ஏற்றிக்கொண்ட ஏழு பேருக்குக் குளிர் நடுக்கம், வாந்தி, மூச்சுத்திணறல், ரத்த அழுத்தம் குறைதல். சோதித்தபோது அந்த மூலப்பொருளில் அதே பாக்டீரியா நச்சு அளவுக்கு அதிகமாக இருந்தது. வாயால் சாப்பிடும் சப்ளிமென்ட்டுக்கென்று விற்ற பொடியை ஊசி மருந்தாகக் கலந்திருந்தார்கள்.

மருந்துக் கடையில் மருந்து இல்லை

மறுபடி 1920-களுக்கு வருவோம். வங்காளத்தில் மலேரியா உச்சத்தில் இருந்தது. ஒரே நம்பிக்கை குயினைன். ஆனால் சந்தையில் விற்ற குயினைனில் கலப்படம், எடைக் குறைவு, சிலவற்றில் பேருக்குத்தான் குயினைன். நோயாளி காசு கொடுத்து வாங்கி, வேளை தவறாமல் சாப்பிட்டு, காய்ச்சலோடு கிடப்பார். மருந்து தோற்றதா, மருந்தே இல்லையா என்று டாக்டருக்கும் தெரியாது.

சோப்ராவின் ஆய்வகத்துக்கு இன்னொரு பிரச்சினையும் தெரிந்திருந்தது. இதய நோய்க்குக் கொடுக்கும் டிஜிட்டாலிஸ் போன்ற மருந்துகள் ஐரோப்பாவில் சரியான வீரியத்தோடு கப்பலேறும். நம் வெயிலிலும் ஈரத்திலும் கிடந்து, நோயாளி கைக்கு வரும்போது வீரியம் குறைந்திருக்கும். ஏமாற்ற யாரும் நினைக்காமலே மருந்து கெடும். ஆகவே தயாரிப்பவர் நல்லவரா என்பதை மட்டும் பார்த்துப் பயனில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்துச் சோதிக்க வேண்டும்.

அன்று பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் மருந்துத் தரத்துக்கென்று தனிச் சட்டமே கிடையாது. 1927-ல் மாநிலங்கள் அவையில் இதற்குச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் வந்தது. அரசு மூன்று ஆண்டு யோசித்தது. 1930 ஆகஸ்டில் மருந்து விசாரணைக் குழு அமைந்தது. தலைவர்: லெப்டினன்ட் கர்னல் ஆர்.என். சோப்ரா.

குழு மாகாணம் மாகாணமாகப் போனது. டாக்டர்கள், வேதியியலாளர்கள், மருந்து வியாபாரிகள் எல்லாரிடமும் சாட்சியம் வாங்கியது. 1931-லேயே அறிக்கை தயார். அதன் சாரம் மூன்று விஷயம்:

• மருந்தின் தரத்தைக் கட்டுப்படுத்த நாடு முழுமைக்கும் ஒரு சட்டம்.
• அதைச் சோதிக்க மத்தியிலும் மாகாணங்களிலும் ஆய்வகங்கள்.
• மருந்தைக் கலந்து கொடுப்பவருக்குப் படிப்பும் பதிவும்.

மூன்றாவது விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை கடைசியில் அங்கேதான் திரும்பி வரும்.

ஒரு சட்டத்துக்கு எத்தனை ஆண்டு?

அறிக்கை வந்ததும் சட்டம் வந்துவிடவில்லை. தேதிகளை வரிசையாக வைத்தாலே நிலைமை புரியும்.

• 1927: அவையில் தீர்மானம்
• 1930: சோப்ரா குழு
• 1931: அறிக்கை
• 1937: இறக்குமதி மருந்துக்கு மட்டும் ஒரு மசோதா
• 1940: மருந்துகள் சட்டம்
• 1945: அதற்கான விதிகள்
• 1947: சட்டத்தின் முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வந்தன
• 1948: பார்மசி சட்டம்

தீர்மானத்திலிருந்து நடைமுறை வரை 20 ஆண்டு. நடுவில் 1935-ன் இந்திய அரசுச் சட்டம் வந்து, மருந்து விவகாரம் மாகாணங்கள் கைக்குப் போனது. 1937-ல் வந்த மசோதா வெளிநாட்டு மருந்தை மட்டும் பார்த்தது. உள்ளூர்ச் சரக்கை விட்டுவிட்டால் என்ன பிரயோஜனம் என்று தேர்வுக் குழுவே கேட்டது. கடைசியில் மாகாண சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டு அதிகாரத்தை விட்டுக்கொடுத்த பிறகுதான் 1940 ஏப்ரலில் மருந்துகள் சட்டம் நிறைவேறியது.

இந்த இடைவெளியில் சோப்ரா கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. சட்டம் வரட்டும், சோதிக்க ஆள் வேண்டாமா? 1937-ல் கல்கத்தாவில் உயிர்வேதியியல் தரப்படுத்தும் ஆய்வகம் அவர் பொறுப்பில் தொடங்கியது. ஒரு மருந்தின் வீரியத்தை எப்படி அளப்பது, எந்த அளவை ஒப்பீடாக வைப்பது என்று அங்கே முறைகள் உருவாயின. அதன் வழித்தோன்றல்தான் இன்றைய மத்திய மருந்து ஆய்வகம். இந்தியாவுக்கென்று ஒரு மருந்துப் பட்டியல் வேண்டும் என்று அரசு கேட்டபோது அதற்கான குழுவுக்கும் அவர்தான் தலைவர். அந்தப் பட்டியல் 1946-ல் வந்தது. 1955-ல் வந்த இந்திய மருந்து நூலுக்கு அது முன்னோடி.

பாட்டிக்குத் தெரிந்ததையும் சோதித்தவர்

சோப்ராவை வெறும் சட்டப் புத்தக ஆளாக நினைத்தால் பாதிதான் தெரியும். மீதிப் பாதி மூலிகை. இந்தியச் செடிகளில் நிஜமாக மருந்து இருக்கிறதா என்று அவர் வருடக்கணக்கில் தேடினார். 1933-ல் வெளியான அவருடைய இந்திய நாட்டு மருந்துகள் பற்றிய நூல் இன்றும் அத்துறையில் அடிப்படை. சர்ப்பகந்தி வேர் ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்பதை ஆய்வகத்தில் பார்த்த முதல் சிலரில் அவர் குழுவும் ஒன்று. பிறகு 1949-ல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் வக்கீல் தன் நோயாளிகளின் விவரங்களோடு அதை வெளிநாட்டு இதழில் எழுதினார். 1952-ல் அதிலிருந்து ரெசர்பைன் பிரித்தெடுக்கப்பட்டு, உலகம் முழுக்க மருந்தானது.

ஒரு பொருள் நம்முடையது என்பதற்காக அவர் அதை ஏற்கவில்லை; நாட்டு மருந்து என்பதற்காகத் தள்ளவும் இல்லை. பல புகழ்பெற்ற மூலிகைகள் அவர் ஆய்வகத்தில் எடுபடவில்லை, அதையும் எழுதினார். அபின், கஞ்சா பழக்கம் பற்றியும் விவரம் திரட்டினார். இயற்கை, பாரம்பரியம், வெளிநாட்டு பிராண்ட் என எந்த அடையாளத்துக்கும் அவரிடம் சலுகை கிடையாது.

1941-ல் சர் பட்டம். கல்கத்தாவை விட்டு ஜம்மு காஷ்மீருக்குப் போய், அங்கே மருந்து ஆய்வகத்தை நடத்தினார். சுதந்திரத்தை ஒட்டி, நாட்டு மருத்துவ முறைகளை என்ன செய்வது என்று ஆராய்ந்த குழுவுக்கும் தலைமை தாங்கினார். 1948-ல் வந்த அறிக்கை நவீன மருத்துவத்தோடு அவற்றை இணைக்கச் சொன்னது. ஆனால் 1940 சட்டத்தின் கட்டுப்பாடு ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளுக்கு 1964 திருத்தத்தில்தான் வந்தது. சோப்ரா 1973-ல், 90 வயதில் காலமானார்.

சரி, என் வைட்டமின் டிரிப் இதில் எங்கே வருகிறது?

இன்று அந்தச் சட்டத்தின் பெயர் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம். அதன் விதிகளில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. வைட்டமின் மாத்திரை அட்டவணை சி(1)-ல் வரும். அதே வைட்டமின் ஊசி வடிவில் வந்தால் அட்டவணை சி. தடுப்பூசியும் சீரமும் இருக்கும் அதே பட்டியல். கிருமி நீக்கம் செய்த சூழலில் தயாரிக்க வேண்டும், அதற்குத் தனி உரிமம் வேண்டும். பொருள் ஒன்றுதான். உடம்புக்குள் போகும் வழி மாறினால் விதி மாறுகிறது. கல்கத்தா கற்றுக்கொண்ட பாடம் அப்படியே சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே உரிமம் பெற்ற கம்பெனியின் வைட்டமின் சி ஆம்பூல் ஒன்றை எடுத்தால், அதற்கு பேட்ச் எண் உண்டு, காலாவதி தேதி உண்டு, சோதனைப் பதிவு உண்டு. உப்பு நீர் பாட்டிலுக்கும் அப்படியே. இது எப்போதும் காப்பாற்றுகிறதா என்றால், இல்லை. 2024 நவம்பரில் கர்நாடகாவின் பல்லாரியில் பிரசவத்துக்குப் பின் பெண்கள் அடுத்தடுத்து இறந்தபோது, சந்தேகம் அவர்களுக்கு ஏற்றிய ரிங்கர்ஸ் லாக்டேட் திரவத்தின் மேல் விழுந்தது. 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப், மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளின் உயிரைப் பறித்தது. அதில் டைஎத்திலீன் கிளைகால் இருந்ததை ஆய்வகம்தான் காட்டியது, ஆனால் இழப்புக்குப் பிறகு. சட்டம் இருந்தும் சோதனை தளர்ந்தால் 1927-க்குத் திரும்பிவிடுவோம்.

ஆனால் டிரிப் விஷயத்தில் இன்னொரு ஓட்டை உண்டு. அதற்கு ஆய்வகம் ஒழுங்காக இருந்தாலும் பயனில்லை.

ஆம்பூல் ஒன்று, இரண்டு, மூன்று என்று உடைத்து, ஒரு பாட்டில் சலைனில் கலக்கிறார்கள் இல்லையா, அந்த நொடியில் அது ஒரு புதுப் பொருள். அதற்கு பேட்ச் எண் கிடையாது. அந்தக் கலவை ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா, கலந்த அறை சுத்தமா என்று யாரும் சோதிக்கவில்லை. சட்டத்தில் உற்பத்தி என்ற சொல்லுக்கான வரையறை, சில்லறை வியாபாரத்தின் வழக்கமான போக்கில் மருந்து கலந்து கொடுப்பதைச் சேர்க்காது. ஒரு டாக்டர் தன் சொந்த நோயாளிக்கு மருந்து கொடுக்கவும் விலக்கு இருக்கிறது. இரண்டும் நியாயமான விலக்குதான். பக்கத்துத் தெரு டாக்டர் ஊசி போட ஃபாக்டரி உரிமம் கேட்க முடியாது. ஆனால் இந்த விலக்குகள் நோயாளியை மனதில் வைத்து வந்தவை. மெனு கார்டில் தேர்ந்தெடுக்கும் கஸ்டமரை அல்ல.

ஊசி போடும் கையும் இடமும் வேறு சட்டங்களுக்குக் கீழே வரும். டாக்டரைப் பார்ப்பது மருத்துவ கவுன்சில். கிளினிக்கைப் பார்ப்பது மாநிலம். மத்தியச் சட்டம் 2010-ல் வந்தது, தமிழ்நாட்டுக்கு 1997-லிருந்தே சொந்தச் சட்டம் உண்டு. பாட்டிலை ஒரு துறை, கட்டடத்தை ஒரு துறை, ஆளை ஒரு துறை என்று பிரித்துக்கொண்டதில், பாட்டிலும் ஆளும் சந்திக்கும் அந்த ஐந்து நிமிடம் யார் கணக்கிலும் சரியாக வரவில்லை. கலந்து கொடுப்பவருக்குப் படிப்பும் பதிவும் வேண்டும் என்று 1931-ல் சோப்ரா குழு சொன்னது நினைவிருக்கிறதா? அதற்காக வந்த பார்மசி சட்டம் மருந்துக் கடையை மனதில் வைத்தது. சலூன் நாற்காலியை அன்று யாரும் யோசித்திருக்க முடியாது.

வைட்டமின்தானே, என்ன ஆகிவிடும்?

நரம்பு வழி வைட்டமினுக்கு மருத்துவத்தில் உண்மையான இடம் உண்டு. நீண்ட காலக் குடிப்பழக்கத்தால் தையமின் வற்றிப்போனவருக்கு அது மூளையைக் காப்பாற்றும். குடல் உறிஞ்சாத நோயாளிக்கு வேறு வழியே இல்லை. ஆனால் ஆரோக்கியமாகச் சாப்பிடுகிறவருக்கு மிஞ்சிய சி-யும் பி-யும் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும்.

ஆபத்துகளும் கற்பனை இல்லை. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவருக்கு அதிக அளவு வைட்டமின் சி நரம்பில் ஏறினால் சிவப்பணுக்கள் உடையும். இந்தியாவில் இந்தக் குறைபாடு அரிதல்ல, பலருக்கு இருப்பதே தெரியாது. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அதே வைட்டமின் சி ஆக்சலேட் படிகமாகத் தங்கலாம். தையமின் ஊசிக்கு அரிதாகக் கடும் ஒவ்வாமை வரும். அப்போது பக்கத்தில் அட்ரினலினும் அதைப் போடத் தெரிந்தவரும் இருக்க வேண்டும்.

நாற்காலியில் சாயும் முன் ஐந்து கேள்வி

• இது எனக்கு ஏன் தேவை என்று எழுதிக் கொடுக்கும் டாக்டர் யார்? அவருடைய பதிவு எண் என்ன?
• ஜி6பிடி, சிறுநீரகம், ஒவ்வாமை பற்றி யாராவது கேட்டார்களா?
• கலக்கும் முன் ஒவ்வொரு ஆம்பூலின் லேபிளையும் என்னிடம் காட்டுவார்களா? ஊசிக்கானது என்று எழுதியிருக்கிறதா? உரிம எண், பேட்ச் எண், தேதி இருக்கிறதா?
• எங்கே, யார் கலக்கிறார்கள்? என் கண் முன்னாலா, பின் அறையிலா?
• ஏதாவது ஆனால் இங்கே என்ன வசதி இருக்கிறது?

ஒரு கேள்விக்குச் சிரிப்பு மட்டும் பதிலாக வந்தாலும் எழுந்து வந்துவிடலாம்.

இன்னும் இரண்டு விஷயம். இந்தச் சட்டத்தின் 26-வது பிரிவு, மருந்து வாங்கிய யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி அரசு ஆய்வாளரிடம் அதைச் சோதிக்கக் கொடுக்கலாம் என்கிறது. பில் வாங்கிக்கொள்ளுங்கள், பில் இல்லாமல் இந்த உரிமை வெறும் காகிதம். பக்கவிளைவு வந்தால் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண் 1800-180-3024. நோயாளியே நேரடியாகப் புகார் செய்யலாம்.

1927-ல் குயினைன் வாங்கியவருக்கு இந்த இரண்டும் இல்லை. தன் காசுக்கு என்ன கிடைத்தது என்று கேட்க அவருக்கு இடமே இருக்கவில்லை. அந்த இடத்தை உருவாக்க 20 ஆண்டு பிடித்தது, அதில் ஒரு மனிதரின் வாழ்க்கையில் நல்ல பங்கு போனது. சோப்ரா நமக்கு விட்டுச்சென்ற சட்டம் பாட்டிலின் மூடிவரை நம்மோடு வருகிறது. மூடியைத் திறந்த பிறகு நடப்பதற்கு விதி வரும்வரை, அந்த ஐந்து கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும்.